இடது பக்க ஸ்பிண்டில்

உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டியில் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் கெடாது. எண்ணெயை ஒழுங்காக மாற்றிக்கொண்டிருந்தால் அது பாட்டுக்கு ஓடும். முதலில் தேய்வது ஸ்பிண்டில்தான். மேடம், நீங்கள் அந்த வண்டியை மேலேயிருந்து பார்த்திருப்பீர்கள், அடியில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓட்டுகிறவரின் காலுக்குக் கீழே, கவிழ்த்துவைத்த தாம்பாளம் மாதிரி அகலமான இரும்புத் தகடு ஒன்று இருக்கும். அதை டெக் என்போம். அதற்குள் மூன்று கத்திகள் படுக்கைவாட்டில் சுழலும். ஒவ்வொரு கத்தியும் ஒரு தண்டின் நுனியில் பூட்டியிருக்கும். அந்தத் தண்டுதான் ஸ்பிண்டில். மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங், இரண்டும் அதைத் தாங்கிப் பிடிக்கும். பேரிங்குகள் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கூட்டுக்கு ஹவுசிங் என்று பெயர். ஈரப்புல்லும் மண்ணும் உள்ளே போய்ப் போய் பேரிங் தேயும். தேய்ந்துவிட்டால் கத்தியைப் பிடித்து அசைத்தாலே ஆட்டம் தெரியும். ஓட்டும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். பலர் அந்தச் சத்தத்தோடேயே மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். அது தப்பு.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வண்டி புரிந்துவிட்டால் நான் செய்தது உங்களுக்கு அவ்வளவு பெரிய காரியமாகத் தெரியாது. ஒரு சின்னக் குழாயை எடுத்து வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

நான் விளையாட்டு மைதானத்துப் பட்டறையில் மெக்கானிக். வேறு எங்கும் வேலை பார்த்ததில்லை. என் மனைவி போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஷூ நாடா கட்டக்கூடத் தெரியாது. நான்தான் வளர்த்தேன். பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவாள். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவள் நோட்டுகளிலெல்லாம் கிரீஸ் கறை இருக்கும். டீச்சர் கேட்டால் "அது எங்க அப்பா கை" என்பாளாம். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னவர்களிடம், அவளுக்கு நான் போதும் என்றேன். எனக்கு யார் போதும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அதைச் சொல்லவில்லை.

அவள் கல்யாணத்துக்கு முதலில் ஒரு நல்ல இடம் வந்தது. பையன் படித்தவன், தங்கமான குடும்பம். ஆனால் தூரம். அவர்கள் போனில் பேசியபோது, பெண்ணுக்கு அவ்வப்போது வலிப்பு வரும், மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. அவளுக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. நான் அப்படிச் சொன்னது அவளுக்குத் தெரியாது. நாளைக்கு நீங்களும் சொல்லத் தேவையில்லை.

மாப்பிள்ளையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் மைதானத்திலேயே புல்வெட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை. மாமியார் தொல்லை இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்துவிட்டாயே என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்தது வேறு. அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் குடிவைக்க அவருக்கு ஒரு வீடு கிடையாது. என் வீட்டு மாடி அறையை வெள்ளையடித்துக் கொடுத்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று மைதானத்தில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "மாமாவோட சமையல் அப்படி, என்ன பண்றது" என்பார். நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நாங்கள் மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். நல்ல செய்தியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் மகள். பிறகு, "நீங்களே சொல்லுங்க" என்று அவரைப் பார்த்தாள்.

"பெரிய ஸ்டேடியத்துல வேலை கிடைச்சிருக்கு மாமா. மொத்த புல்தரையும் என் பொறுப்பு. வீடும் அவங்களே தர்றாங்க" என்றார் அவர். ஸ்டேடியம் எங்கே என்று கேட்டேன். ரயிலில் ஏறினால் மறுநாள் காலையில்தான் இறங்க முடியும். அப்படிப்பட்ட ஊர்.

"நீங்களும் எங்ககூட வந்துடுங்கப்பா" என்றாள்.

"நான் அங்க வந்து என்னம்மா பண்ணப் போறேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருந்தா போதும்."

அப்படிச் சொன்னால் திரும்பக் கூப்பிடுவாள் என்றுதான் சொன்னேன். அவள் கூப்பிடவில்லை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு, அந்த வீட்டில் ஜன்னல்கள் எத்தனை இருக்கும், திரைச்சீலை தைக்க வேண்டுமா என்று அவரிடம் கேட்டாள். வேலைக்கு எழுதிப்போட்டது, அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தது எல்லாம் எனக்குத் தெரியாமல் முன்னாலேயே நடந்திருக்கிறது. நண்பர் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பியது நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபக்காரன் இல்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வெளியே வரும்போதே கீச்சென்று சத்தம் கேட்டது.

"இடது பக்க ஸ்பிண்டில் ஆடுது மாமா. கொஞ்சம் பாருங்களேன்."

"வெச்சுட்டுப் போங்க மாப்பிள்ளை, நான் பாத்துக்கறேன்."

டெக்கைக் கழற்றி, கவிழ்த்துப் போட்டு, ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டி எடுத்தேன். கத்தியை அசைத்தால் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. ஸ்பிண்டிலைத் தட்டி வெளியே எடுத்தேன். கீழ் பேரிங் நொறுங்கிப்போயிருந்தது. தண்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. ஹவுசிங்கில் விளிம்பிலிருந்து போல்ட் ஓட்டை வரைக்கும் ஒரு விரிசல். இந்த நிலையில் மூன்றையும் புதிதாகப் போட வேண்டும். புதுத் தண்டு, புது ஹவுசிங், புது பேரிங் எல்லாமே என் அலமாரியில் இருந்தன. நான் எப்போதும் ஒரு செட் வாங்கி வைத்திருப்பேன்.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் வரும். விரல் நீளம்தான் இருக்கும். மேலே நட்டை இறுக்கும்போது அந்த இறுக்கம் முழுவதையும் அந்தக் குழாய் வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் பேரிங்குகள் வாங்கும். கையால் சுற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓட ஓடச் சூடாகி, இறுகி, ஒரு கட்டத்தில் சிக்கிக்கொள்ளும். ஹவுசிங்கிலும் ஏற்கெனவே விரிசல் இருந்தால் அந்த இடத்தில் உடையும். உடைந்தால் கத்தி சாயும். சாய்ந்த கத்தி டெக்கை உள்ளேயிருந்து கிழிக்கும். அந்த வண்டியில் இடது கால் வைக்கும் இடத்துக்குக் கீழே தகடு துருப்பிடித்து மெலிந்துபோயிருந்தது. அதற்கு ஒரு தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பற்றவைக்கவில்லை. பழைய ஹவுசிங்கையே எடுத்தேன். விரிசலில் உலோகப் பசையைப் பூசி, காய்ந்ததும் மேலே கிரீஸும் புல் அழுக்கும் தடவினேன். பழைய தண்டையே போட்டேன். பேரிங் மட்டும் புதிது. குழாயை எடுத்து என் மேஜை டிராயரில் வைத்தேன். நட்டை அளவாக இறுக்கிக் கத்தியைச் சுற்றிவிட்டேன். சத்தமே இல்லாமல் சுழன்றது. அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்து பல நாள் ஆகியிருந்தது.

நான் நினைத்தது ஒரு கால்பாதம். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பாதத்தில் அடிபட்டால் சில மாதம் படுக்கை. ஸ்டேடியக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மாடி ஏறுவது கஷ்டம் என்பதால் என் அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் கூடத்தில் படுத்துக்கொள்வேன். கட்டுப்பிரிப்பதற்கு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். கைத்தடி எந்த உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்பதுவரை யோசித்துவைத்திருந்தேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வந்து, எப்போதும்போல் கத்தியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். அந்தப் பக்கம் வந்த மேற்பார்வையாளர், வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்டார். "நானே பாத்துட்டேன் சார், நல்லா இருக்கு. எடுத்துட்டுப் போறேன்" என்றார் மாப்பிள்ளை. பின்னால் அந்த வார்த்தைதான் அவர் கழுத்தைப் பிடித்தது.

இப்போது விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற வேலை பார்த்தவர். என் வயதுக்காரர். வாயில் எப்போதும் விசில், அதனால் அந்தப் பெயர். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தால் உள்ளேயும் பாட்டுதான் கேட்கும் என்று கிண்டல் செய்வோம். மாப்பிள்ளை போன பிறகு வண்டி ஓட்ட அவரைத்தான் போடுவதாக முடிவாகியிருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கே பழக்குவார்கள் என்று தெரியாது.

பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை இரண்டாவது மைதானத்தில் பாதியை வெட்டிவிட்டு வண்டியை நிறுத்தினார். இறங்கினார். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த விசிலைக் கூப்பிட்டு சீட்டில் உட்காரவைத்தார். எந்த நெம்புகோலை எப்போது தள்ள வேண்டும் என்று காட்டினார். பிறகு அவர் கல் பொறுக்கிக்கொண்டே முன்னால் நடந்தார். வண்டி அவருக்குப் பின்னாலேயே போனது.

எனக்கு நேரம் இருந்தது. நீங்கள் அதைத்தான் கேட்டீர்கள், அதனால் மறைக்கவில்லை. நடந்தே போய் நிறுத்தியிருக்கலாம். கையைத் தூக்கிக் காட்டியிருந்தால்கூடப் போதும், மாப்பிள்ளை என்னைப் பார்த்தபடிதான் வந்துகொண்டிருந்தார். ஆனால் நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று கேட்பார்கள். டெக்கைத் திறப்பார்கள். என் மகள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அது இன்றைக்குத் தாங்கிவிடும், நாளைக்கு மாப்பிள்ளை ஓட்டும்போது நடக்கும் என்றும் தோன்றியது. உள்ளே போய், தீட்டுவதற்காக வைத்திருந்த ஒரு கத்தியை எடுத்துச் சாணை இயந்திரத்தில் தீட்டினேன். அந்த இயந்திரம் ஓடினால் வெளியே எதுவும் கேட்காது. இருந்தும் கேட்டது.

கத்தி பாதத்தோடு நிற்கவில்லை. உடைந்த துண்டு தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து தொடையின் உட்பக்கத்தில் பாய்ந்திருந்தது. நான் போனபோது மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றி அந்தக் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வாசலுக்குள் நுழையும்போது எல்லாம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வெகுநேரம் கையை எடுக்கவில்லை. நான்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

விசிலின் மனைவி என்னிடம் ஒன்று கேட்டார். "கடைசியா ஏதாவது சொன்னாராண்ணே?" உங்களைத்தான் கேட்டார் என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. உண்மையில் விசில் பட்டறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மா வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் போய் வாஷர் மாற்றிக் கொடுத்தேன். கதவு ஒன்று சரியாகச் சாத்தாமல் இருந்தது, அதையும் இழைத்துச் சரிசெய்தேன். காசு வாங்கவில்லை.

விசாரணையில் டெக்கைப் பிரித்தார்கள். விரிசலைப் பார்த்தார்கள், குழாய் இல்லாததையும் பார்த்தார்கள். சரியாகத்தான் பார்த்தார்கள். என்னைக் கேட்டபோது சொன்னேன்: வண்டியை ஓரமாக நகர்த்துவதற்காக விரிசலில் பசை தடவிச் சும்மா பூட்டிவைத்திருந்தேன், புதுசு போடுகிறவரை எடுக்க வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை. மேற்பார்வையாளர் தன் காதால் கேட்டதைச் சொன்னார். பழகாத ஆளை உட்காரவைத்தது வேறு சேர்ந்துகொண்டது.

நான் எதிர்பார்க்காதது மாப்பிள்ளை சொன்னதுதான். மாமா பொய் சொல்கிறார் என்று சொல்வார், நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல இழுத்துக்கொண்டே போகும் என்று நினைத்திருந்தேன். அவர் நீதிமன்றத்தில் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்து, "மாமா சொல்லியிருப்பாரு சார். வண்டி சத்தத்துல எனக்குக் காது மந்தமாயிடுச்சு. எனக்குத்தான் விழல போல" என்றார். சொல்லிவிட்டு அழுதார். விசிலுக்காக அழுதார் என்று நினைக்கிறேன். ஏழு வருடம் கொடுத்தார்கள். தூரத்துச் சிறைக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நன்றாக இருந்தன. இதைச் சொன்னால் நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள், ஆனாலும் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும். மகள் மாடியை விட்டுக் கீழே, தன் பழைய அறைக்கே வந்துவிட்டாள். சாயங்காலம் நான் வரும்போது வாசல் விளக்கு எரியும். அதிகம் பேச மாட்டாள். அவள் சின்ன வயதிலிருந்தே அமைதியான பெண். சில நாள் சாப்பிடாமல் என் எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்ப்பாள். "அப்பா, நிஜமாவே அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். சொன்னேன்மா என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. டிராயரில் இருந்த குழாயை, புது ஹவுசிங்கோடு வேறொரு வண்டிக்குப் போட்டுவிட்டேன். அந்த வண்டி இப்போதும் ஓடுகிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம், நல்ல வேலை.

போன வாரம் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"சிறை இருக்கற ஊர்ல ஒரு தையல் கடையில வேலை கேட்டிருந்தேன்பா. வரச் சொல்லிட்டாங்க. பக்கத்துலயே ஒரு ரூமும் பாத்தாச்சு."

"எவ்வளவு நாளைக்கு?"

"அவர் வெளிய வர்ற வரைக்கும்."

நெஞ்சு வலிக்கிறது என்றேன். டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் இளைஞன் மாதிரி இருக்கிறது என்றார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சாலையைக் கடந்ததும் விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம், தினம் ஒருவேளை எனக்குச் சாப்பாடு கொடுக்கச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தாள். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துச் செய்கிற பழக்கம் என்னிடமிருந்து வந்தது.

இன்று காலை பட்டறையில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். பிரச்சினை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் எளிதாக இருந்தது. மாப்பிள்ளை எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அவள் போகிறாள். மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் அவள் வீட்டில் இருப்பாள். அவரை வெளியே கொண்டுவர என் ஒருவனால்தான் முடியும். கையைத் துடைத்துவிட்டு, பட்டறையைப் பூட்டி, சாவியை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை, மிரட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம், ஸ்பிண்டிலை அப்படிப் பூட்டியது நான். தெரிந்தே பூட்டினேன். விசில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டு உள்ளே போனேன். மாப்பிள்ளையிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவர் காதில் ஒரு கோளாறும் இல்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

மகள் வெளியே வந்திருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள், உள்ளே வர மாட்டேன் என்கிறாள் என்று சொன்னீர்கள். கோபமாக இருப்பாள். இருக்கட்டும். மாப்பிள்ளை வந்ததும் ஆறிவிடும். அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். மாடியில் மேற்குப் பக்கத்து ஜன்னலுக்குக் கொக்கி மாற்ற வேண்டும், மழை வந்தால் தண்ணீர் உள்ளே வரும். மேற்பார்வையாளர் நல்லவர், என் பட்டறை வேலையை மாப்பிள்ளைக்குக் கேட்டால் கொடுப்பார்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள் மேடம். என்னை இந்த ஊர்ச் சிறையிலேயே போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்துதான், நான் விசாரித்துவிட்டேன். அப்பா இங்கே உள்ளே இருக்கும்போது ஊரைவிட்டுப் போகிற பெண் இல்லை அவள்.